பதனியில் விழுந்த தேனீ

செங்கம்மாவை ஊர் மதுவிலக்குக் கமிட்டியில் சேர்த்ததற்கு அவளிடம் இருந்த ஒரே தகுதி, அவள் புருஷன் குடித்துச் செத்திருந்தான் என்பதுதான்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம். கமிட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பெண் இருக்க வேண்டும், குடியால் கஷ்டப்பட்டவளாக இருந்தால் மிகவும் நல்லது என்று சித்தூரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. நகரிக்குக் கிழக்கே இருந்த ஈச்சந்தாங்கலில் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்களுடைய புருஷன்மார் இன்னும் உயிரோடு இருந்தார்கள், இன்னும் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் சிலர் கமிட்டியிலேயே இருந்தார்கள். ஆகவே யாரையும் சங்கடப்படுத்தாத விதவையாகச் செங்கம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கள்ளுக்கடை இருந்தவரை அவள் புருஷன் துலுக்காணம் ஒழுங்காகத்தான் இருந்தான். பகலெல்லாம் ஊர்ப் பண்ணையார் ஆதிநாராயணன் நிலத்தில் ஏர் ஓட்டுவான். சாயங்காலம் ஓலைப்பட்டையில் கள் வாங்கி, குடிப்பதற்கு முன்னால் மோதிர விரலை அதில் நனைத்துத் தரையில் ஒரு சொட்டு தெளிப்பான். அந்தப் பக்கத்தில் குடிக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சிலர் கங்கையம்மனுக்கு என்பார்கள், சிலர் செத்துப்போன பெரியவர்களுக்கு என்பார்கள். துலுக்காணம் தன் தாய்க்கு என்று சொல்லுவான். "ஒங்கம்மா சாவும்போது தண்ணி தண்ணின்னுதான் கேட்டாங்க, கள்ளா கேட்டாங்க?" என்று செங்கம்மா திட்டுவாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த நாளும் தெளிப்பான்.

சர்க்கார் அவனுடைய நன்மைக்காகக் கள்ளுக்கடையை மூடியது. அதன்பிறகு அவன் சைக்கிள் டியூபில் அடைத்து வந்த கள்ளச்சாராயத்தைக் குடிக்க ஆரம்பித்தான். எல்லை எங்கே போகிறது என்று இரண்டு ராஜ்யங்களுக்கும் அப்போது தகராறு. சரக்குக் காய்ச்சுகிறவர்களுக்கு மட்டும் எந்த வரப்பு யாருடையது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஆந்திராப் போலீஸ் வந்தால் பானை மெட்ராஸ் பக்கம் போகும், மெட்ராஸ் போலீஸ் வந்தால் திரும்பி வரும். அப்படிப் போய்வந்த பானை ஒன்றில் ஏதோ கலந்திருந்தது. துலுக்காணம் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வீடு வந்தான். மறுநாள் அதைச் சொல்லவும் அவன் இல்லை.

கமிட்டிக்குத் தலைவர் ஆதிநாராயணன். ஊரிலிருந்த பனைமரங்களில் பாதி அவருடையவை என்பதால் மதுவிலக்கைப் பற்றி அவரைவிட அக்கறை உள்ளவர் வேறு யாரும் இருக்க முடியாது. அவருடைய மச்சான் அப்பாவு ஓர் உறுப்பினர். எலிமெண்டரி பள்ளிக்கூட வாத்தியார் கோவர்த்தனன் காரியதரிசி. அவருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் குடியின் தீமைகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசத் தெரியும். இன்னும் இரண்டொருவர் தலையாட்டுவதற்கு இருந்தார்கள். கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கும். செங்கம்மா மண்டபத்துக்குக் கீழே வெயிலில் உட்காருவாள். அவள் உறுப்பினர்தான், ஆனால் மண்டபம் ஏறக்கூடிய உறுப்பினர் அல்ல.

அந்த வருஷம் பங்குனியில், பிரச்சார அதிகாரி ரங்கையா ஜீப்பில் வந்து ஒரு செய்தி சொன்னார். குடி அடியோடு ஒழிந்தது என்று எந்த ஊருக்குச் சான்று கிடைக்கிறதோ, அந்த ஊருக்குச் சர்க்கார் செலவில் ஒரு குடிதண்ணீர்க் கிணறு. எல்லையோரத்துத் தமிழ் ஊர்களுக்கு முன்னுரிமை. ஆந்திர ராஜ்யத்தின் தண்ணீரைக் குடித்தால் ஆந்திர ராஜ்யத்தின்மேல் பிரியம் வரும் என்று மேலே யாரோ யோசித்திருந்தார்கள்.

கிணறு என்ற சொல்லைக் கேட்டதும் செங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

அவள் தெருவுக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு இறக்கக் கூடாது. ஆதிநாராயணனின் கழனிக் கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கவலை ஓடும்போது வாய்க்காலில் வருவதை மொண்டுகொள்ளலாம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே வாய்வறண்டு காத்திருக்கும். துலுக்காணம் செத்த அன்று கவலை ஓடவில்லை. அவனைக் குளிப்பாட்ட இரண்டு குடம் தண்ணீருக்காக அவள் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது அவளுக்கு மறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் ஆதிநாராயணனிடம் கேட்டாள். கிணறு வந்தால் எங்கள் தெருவில் வெட்டுவீர்களா என்று. அவர் மனதில் அந்தக் கிணறு ஏற்கெனவே அவருடைய எலுமிச்சைத் தோட்டத்து ஓரமாக வெட்டப்பட்டு, சுற்றுச்சுவரும் கட்டியாகி இருந்தது. ஆனால் விதவை வாயால் சாட்சி சொன்னால்தான் அதிகாரி நம்புவார் என்று கோவர்த்தனன் சொல்லியிருந்தார். ஆகவே தாராளமாகச் சரி என்றார். அவள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எங்கள் ஊரில் குடி இல்லை.

"பொய் சொன்னா நாக்கு அழுவிப்பூடாதா ஆண்டே?"

"பொய் எங்க கீது இதுல? துலுக்காணம் குடிச்சான். துலுக்காணம் இப்ப இல்ல. அப்ப ஊர்ல குடி இல்லன்னுதானே ஆவுது?"

செங்கம்மாவுக்கு அந்த நியாயம் தொண்டையில் அடைத்தது. தண்ணீர் இல்லாமல் அதை விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. விழுங்கினாள்.

சான்று கொடுப்பதற்கு முன் கமிட்டியை ஒருநாள் சுற்றுலா அழைத்துப்போவது ரங்கையாவின் வழக்கம். ஏர்ப்பேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பனந்தோப்பில் நீரா நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கள்ளாகப் புளிக்கவிடாமல், கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் இனிப்புப் பதனிக்குத்தான் சர்க்கார் வைத்த பெயர் நீரா. கெட்ட பானத்தை விட்டவர்களுக்கு நல்ல பானத்தைக் காட்டுவது நோக்கம். போகிற வழியில் திருப்பதி உண்டு என்றதும் கமிட்டி ஒருமனதாகச் சம்மதித்தது.

பஸ் புறப்படவே நேரமாயிற்று. முன்னால் கட்டும் துணிப் பதாகை தமிழில் இருக்க வேண்டும் என்று கோவர்த்தனன் நின்றார், தெலுங்கில் இருக்க வேண்டும் என்று பஸ்காரர் நின்றார். கடைசியில் இரண்டு பதாகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். காற்று அடித்த பக்கத்துக்குத் தக்கபடி பஸ் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறிக்கொண்டே போயிற்று. செங்கம்மா கடைசி சீட்டில் டயர் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தூர் தாண்டும்வரை எல்லோரும் எலுமிச்சம்பழச் சோறு தின்றார்கள். அவளுக்கும் ஒரு பொட்டலம் வந்தது, மேலிருந்து போடப்பட்டு.

திருப்பதியில் மலை ஏற நேரமில்லை. அடிவாரத்து அலிபிரியில் நிறுத்தி, மலையைப் பார்த்தபடி கற்பூரம் ஏற்றி, குடிப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றார் ரங்கையா. ஆதிநாராயணன் கணீரென்று செய்தார். அப்பாவு உதட்டை மட்டும் அசைத்தார். திரும்பி வரும்போது, சாமி அவ்வளவு உயரத்தில் இருப்பது எவ்வளவு வசதி என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். செங்கம்மா கிணறு வேண்டும் என்று மட்டும் கும்பிட்டாள். அவள் சத்தியம் செய்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை. பெண்பிள்ளை குடிப்பாளா என்ன?

நீரா நிலையத்தில் மேற்பார்வையாளர் முனிகிருஷ்ணன் வாசலில் காத்திருந்தார். பனந்தோப்பு நடுவே தரையை ஆளுயரத்துக்கு வெட்டி இறக்கி, மேலே ஓலை வேய்ந்த ஒரு பள்ளக் கொட்டகை. படி இறங்கினால் குளுகுளுவென்று இருந்தது. ஈர மணலில் கழுத்துவரை புதைத்த பானைகள் வரிசையாக, தலைமட்டும் தெரிய, வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்றன. கமிட்டி உறுப்பினர்கள் உள்ளே இறங்கியதும் ஒரு கணம் எல்லோருடைய முகத்திலும் ஒரு பக்தி வந்தது. அலிபிரியில் அது வரவில்லை.

முனிகிருஷ்ணன் தம் பானைகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்களைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினார். இது கீழண்டைத் தோப்பு, செம்மண், இனிப்புத் தூக்கல். இது ஏரிக்கரை மரம், கொஞ்சம் உப்புக் கரிக்கும், ஆனால் தாகம் தணிக்கும். இது ஆண் பனை, அது பெண் பனை. முதலில் வாயில் வைத்துக்கொண்டு நாக்கின் ஓரத்துக்கு அனுப்ப வேண்டும், அப்புறம்தான் விழுங்க வேண்டும். இவ்வளவு காலம் விழுங்குவதை மட்டுமே தெரிந்து வைத்திருந்த கமிட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அப்பாவு மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து மூலையில் இருந்த ஒரு பானைக்கு அருகே போய் நின்றார். அதன் துணி மெல்ல உப்பி உப்பி அமுங்கியது. அது எந்தத் தோப்பு என்று விசாரித்தார். அது வினிகருக்கு வைத்தது, அதன் பக்கம் போகக் கூடாது என்று முனிகிருஷ்ணன் அவசரமாக வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அப்பாவு போகும்போது இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார்.

பிறகு மேலே தோப்பு நிழலில் உட்காரவைத்து ருசி பார்க்கக் கொடுத்தார்கள். பச்சை ஓலையில் மடித்த பட்டைகள். குடித்ததும் தூக்கி எறிகிற பட்டை என்பதால் யாருடைய எச்சிலும் யாருக்கும் தீட்டில்லை. செங்கம்மாவுக்கும் அதே ஓலை, அதே பதனி. ஊரில் கிடைக்காத சமத்துவம் அங்கே வெயில் மறைவில் கொஞ்சநேரம் கிடைத்தது.

ரங்கையா குடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

ஆதிநாராயணன் பட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். முன்புறம் ஊதினார், நுரை இல்லாத பதனியில் இல்லாத நுரை ஒதுங்கியது. மோதிர விரலை நனைத்தார். தரையில் ஒரு சொட்டு தெளித்தார். குடித்தார். அப்பாவு தெளித்தார். தலையாட்ட வந்திருந்த இரண்டு பேரும் தெளித்தார்கள். ஒருவர் மீசையைக்கூடத் துடைத்துக்கொண்டார். கோவர்த்தனன் முறை வருவதற்குள் ரங்கையாவின் முகம் மாறுவதை வாத்தியார் கண் கண்டுவிட்டது. அவர் விரலை மடக்கிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல மடக்கென்று குடித்தார். செங்கம்மா தன் பட்டையைக் கையில் வைத்தபடியே இருந்தாள். கிணறு தன் கண்முன்னே தூர்ந்துபோவது அவளுக்குத் தெரிந்தது.

ரங்கையா சிரித்தார். "நான் வாயைக் கேக்கறதில்லய்யா. வாய் அலிபிரியில சத்தியம் பண்ணும். கைதான் மறக்காது. எவ்வளவு ஊரைப் பாத்துட்டேன். யாருக்குத் தெளிச்சீங்க? சொல்லுங்க."

அப்பாவு வாய் திறந்தார். "தேனீ உழுந்துச்சி தொரே. அத்த எடுத்துப் போட்டேன்."

ஆதிநாராயணனுக்கும் தேனீ விழுந்திருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அதேதான். நாலு பட்டையில் நாலு தேனீயா என்று கேட்டார் ரங்கையா. துணியில் வடிகட்டிய பதனியில் அவை எந்த வழியாக வந்தன என்று முனிகிருஷ்ணனைக் கேட்டார். முனிகிருஷ்ணனுக்குத் தம் நிலையத்தின் மானமா, வந்த விருந்தாளிகளின் மானமா என்று புரியவில்லை. மேலே பார்த்தார். ரங்கையா பேசிக்கொண்டே போனார். ஈச்சந்தாங்கலுக்குச் சான்று கிடையாது. கிணறு அடுத்த ஊருக்குப் போகும். இனி இந்தக் கமிட்டியைக் கலைப்பதா, அல்லது கமிட்டிமேலேயே கேஸ் போடுவதா என்பதை ஆபீசில் யோசிக்க வேண்டும்.

அதிகாரி கோபமாக இருக்கும்போது அவருக்குக் குடிக்க ஏதாவது கொடுப்பது நல்லது என்று முனிகிருஷ்ணனுக்குத் தோன்றியது. ஏரிக்கரைப் பதனியில் நல்லதாக ஒரு பட்டை நிரப்பி நீட்டினார். ரங்கையா பேச்சை நிறுத்தாமலே வாங்கினார். குடி ஒழியாத ஊரில் கிணறு வெட்டினாலும் அதில் கள்தான் ஊறும் என்று சொல்லிக்கொண்டே முன்புறம் ஊதினார். மோதிர விரலை நனைத்தார். தரையில் ஒரு சொட்டு தெளித்தார்.

பேச்சு அங்கே நின்றது. பட்டை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் தன் விரலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல.

ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவு மரத்து உச்சியில் எதையோ எண்ண ஆரம்பித்தார். கோவர்த்தனன் வாயை ஒருமுறை திறந்து, மூடிக்கொண்டார். மேலதிகாரியிடம் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன பேசுவது என்று எந்தப் பாடபுத்தகத்திலும் இல்லை.

செங்கம்மா எழுந்து நின்றாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். கேலி செய்கிற குரல் இல்லை அது. உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்கிற குரல்.

"தொரே, ஒங்களுதுலயும் தேனீயா?"

ரங்கையா அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆமாம்மா. இந்த சென்டர்ல தேனீ ரொம்ப ஜாஸ்தி. ஏமய்யா முனிகிருஷ்ணா, இதெல்லாம் பாக்க மாட்டியா?"

முனிகிருஷ்ணன் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவருடைய நல்ல பதனிக்கு அன்று முதல் தேனீ விழுகிற பதனி என்று கெட்ட பெயர். யாருடைய மானத்துக்காவது யாராவது விலை கொடுக்கத்தானே வேண்டும்.

செங்கம்மா இன்னும் உட்காரவில்லை. "எங்கூர்ல குடி இல்ல தொரே," என்றாள், சொல்லிக்கொடுத்தபடி. அதற்குமேல் சொல்லிக்கொடுக்காததையும் சொன்னாள். "கெணறு எங்க தெருவுலதான்னு ஆண்டை வாக்கு குடுத்துக்கிறாரு. தொர காதுலயும் ஒரு வார்த்த போட்டு வெச்சிட்டா, நாளைக்கி யாருக்கும் மறந்துபூடாது."

ரங்கையா ஆதிநாராயணனைப் பார்த்தார். ஆதிநாராயணன் ரங்கையாவின் விரலைப் பார்த்தார். அவளுடைய தெருவில்தான் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். எலுமிச்சைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் ஆதிநாராயணனின் மனதுக்குள் சத்தமில்லாமல் இடிந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் செங்கம்மா ஸ்டெப்னிமேல் கையை வைத்துக்கொண்டு, கடைசியில் தான் குடித்த பதனி நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் உப்புக் கரித்தது.

கிணறு வெட்டினார்கள். பாறை கண்டது, வெடி வைத்தார்கள், ஆடி மாசத்தில் தண்ணீர் வந்தது. திறப்புவிழாவுக்கு ரங்கையா வந்தார். எல்லைத் தகராறு அப்போது சூடாக இருந்ததால், கிணற்றுச் சுவரில் தெலுங்கில் எழுதிய பலகை வைத்தார்கள். இரண்டு நாளில் யாரோ அதன்மேல் தார் பூசினார்கள், பிறகு வேறு யாரோ தாரின்மேல் எழுதினார்கள். தண்ணீர் எந்தப் பாஷையில் இருந்தாலும் அந்தத் தெரு அதைக் குடித்தது.

முதல் வாளியை இறைத்தவள் செங்கம்மா. மாலை, பேச்சு, கைதட்டல் எல்லாம் முடிந்து, ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் சொம்பில் மொண்டாள். குளிர்ச்சியாக இருந்தது. சாகும்போது தண்ணி தண்ணி என்று கேட்ட மாமியாரின் ஞாபகம் வந்தது. தாய்க்கென்று ஒவ்வொரு சாயங்காலமும் கள்ளைத் தெளித்துக்கொண்டிருந்தவனின் ஞாபகம் வந்தது. அவனைக் கழுவ இரண்டு குடம் கிடைக்காத நாளின் ஞாபகமும் வந்தது. அவள் மோதிர விரலைத் தண்ணீரில் நனைத்து, தரையில் தெளித்தாள். ஒரு சொட்டு போதவில்லை. இன்னொன்று தெளித்தாள்.

எதிரில் கமிட்டி முழுவதும் நின்றிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வந்தது. தண்ணீருக்கு முன்னால்கூட விரல் நனைக்கிற அளவுக்குப் பழக்கம் முற்றியிருந்தால், அது இன்று நேற்று வந்த பழக்கமாக இருக்க முடியாது என்று ஆதிநாராயணன் வருத்தத்தோடு சொன்னார். புருஷன் செத்த துக்கத்தில் பாவம் ஆரம்பித்திருப்பாள் என்று அப்பாவு இரக்கப்பட்டார். ஊரின் நற்பெயரை முன்னிட்டு, குடிப்பழக்கம் உண்டோ என்ற சந்தேகத்தின்பேரில் செங்கம்மாவைக் கமிட்டியிலிருந்து நீக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மண்டபத்துக்குக் கீழே அந்த இடம் காலியாக இருந்தது, ஏனென்றால் அன்று அவள் வரவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

செய்தியைச் சொல்ல வேண்டிய பொறுப்பு காரியதரிசி கோவர்த்தனன் தலையில் விழுந்தது. நீரா நிலையத்தில் விரல் நனைக்காத ஒரே ஆள் என்று ஊரெல்லாம் அவருக்கு மதிப்பு ஏறியிருந்தது. நடு வெயிலில் குடை இல்லாமல் வந்தார். செங்கம்மா அப்போதுதான் வாளியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் எட்ட நின்று, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொல்லி முடித்தார். குடியை விட்டுவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ள யோசிக்கலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

"உட்டுடறேன் வாத்தியாரய்யா," என்றாள் அவள். "நாக்கு வறண்டுபோய்க் கெடக்குதே ஒங்களுக்கு. தண்ணி துளி குடிக்கிறீங்களா?"

அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். யாரும் இல்லை. அவள் சொம்பைக் கழுவி, நிரப்பி, சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் எடுத்தார். முன்புறம் ஊதினார். மோதிர விரலை நனைத்து, ஒரு சொட்டு தரையில் தெளித்தார்.

செங்கம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"தேனீயா வாத்தியாரய்யா?"

கோவர்த்தனன் சொம்பு காலியாகும்வரை குடித்தார். பிறகு இன்னொரு சொம்பு கேட்டார்.